திருகும் கை

மார்ச் 3, திங்கள்

டைமரில் 25 நிமிடம் வைத்துவிட்டு வேலையில் உட்காரும் பழக்கம் மாணவர்களிடமும் எழுத்து வேலை, கணினி வேலை செய்வோரிடமும் பரவியிருக்கிறது. இதை ஒரு முறையாக வகுத்தவர் இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ. 1980களின் கடைசியில் கல்லூரி மாணவராக இருந்தபோது, பத்து நிமிடமாவது மனம் சிதறாமல் படிக்க முடிகிறதா பார்ப்போம் என்று தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றைத் திருகிவைத்தார். தக்காளிக்கு இத்தாலிய மொழியில் பொமோடோரோ. முறைக்கும் அதுவே பெயராயிற்று. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு, நான்கு சுற்றுக்கு ஒருமுறை சற்று நீண்ட ஓய்வு. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எண்களையே பிடித்துக்கொள்கிறார்கள். 25 சரியா, 50 சரியா என்று வாதம் நீள்கிறது. எனக்கு எண் பெரிதாகப் படவில்லை. டைமரைத் திருகுவது யாருடைய கை என்பதில்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

முதலில் எண்ணையே பார்த்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரை முன் அமர்ந்திருந்தவர்கள் நேரம் ஆக ஆகத் திரையில் தோன்றும் அடையாளங்களைத் தவறவிட்டார்கள். காரணம் அறிய நார்மன் மெக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனை அமைத்தார். எண்கள் இல்லாத கடிகார முகத்தில் முள் சிறு அடிகளாக நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டை அடி தாவும். அந்தத் தாவலைக் கண்டு சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரம் நீண்ட அந்தச் சோதனையில், முதல் அரை மணிக்குப் பிறகு தவறவிடுவது தெளிவாகக் கூடியது. 1948இல் அவர் இதை வெளியிட்டார். 2011இல் அரிகா, ல்யேராஸ் என்ற இருவர் 50 நிமிட வேலையொன்றைக் கொடுத்துப் பார்த்தபோது, நடுவில் இரண்டு தடவை மட்டும் கவனத்தைச் சற்று வேறு பக்கம் திருப்பியவர்களுக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை. இடையில் சிறு மாற்றம் வேண்டும் என்பதற்கு இவை ஆதாரம். 25 என்ற எண்ணுக்கு ஆதாரம் ஆகா. முள்ளைப் பார்த்திருப்பதும் ஒரு கணக்குக்கு விடை தேடுவதும் ஒரே வகை உழைப்பும் அல்ல. நம் நாழிகை 24 நிமிடம் என்பது நினைவுக்கு வருகிறது. துளையிட்ட கிண்ணம் நீரில் அமிழும் நேரத்தால் அளந்த அதுவும் ஒரு டைமர்தான். ஆனால் நாழிகை ஒரு நாளை அறுபதாகப் பகுத்ததால் வந்த அளவு. மனித கவனத்தின் எல்லையை அறிந்து முன்னோர் வகுத்தது என்று அதன்மேல் பெருமை ஏற்றுவது சரியல்ல.

எண் இல்லையென்றால் டைமர் எதைத்தான் செய்கிறது? கடினமான ஒரு பக்கத்தைப் படிக்கும்போது மனத்தின் ஒரு பகுதி காவல் வேலை பார்க்கிறது: எவ்வளவு நேரம் ஆயிற்று, அந்தச் செய்திக்குப் பதில் அனுப்பவில்லையே, இப்போது எழுந்தால் என்ன. சோஃபி லெராய் 2009இல் எழுதிய ஆய்வு, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தையதன் மிச்சம் மனத்தில் ஒட்டிக்கொண்டு புதியதைக் கெடுக்கிறது என்று காட்டியது. அப்படியானால் ஒவ்வொரு சின்னத் தாவலுக்கும் ஒரு விலை உண்டு. டைமர் அந்தக் காவலை வாங்கிக்கொள்கிறது. எழுவதா வேண்டாமா என்ற கேள்வி மணி அடிக்கும்வரை எழ வேண்டியதில்லை. குறுக்கே வரும் நினைப்பைத் தாளில் குறித்துவைத்துவிட்டு வேலைக்குத் திரும்பு என்று சிரில்லோ சொல்வதும் இதற்காகத்தான். இது வேகம் கூட்டும் உபாயம் அல்ல. வேலைக்குப் போடும் வேலி.

மார்ச் 6, வியாழன்

இதற்கு எதிராக எழும் கனமான குரல் வரலாற்றிலிருந்து வருகிறது. தொழிற்சாலை வேலையை அளந்து சீரமைக்க முனைந்த அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லரின் சீடர்கள் ஸ்டாப்வாட்சும் கையுமாகத் தொழிற்கூடங்களுக்குள் நுழைந்து ஒவ்வொரு அசைவையும் நொடிக்கணக்கில் அளந்தார்கள். 1911 ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வாட்டர்டவுன் அரசு ஆயுதச் சாலையின் வார்ப்படத் தொழிலாளர்கள் அந்தக் கடிகாரத்தைக் கண்டு வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினார்கள். விவகாரம் அமெரிக்கக் காங்கிரஸ் வரை போனது, விசாரணை நடந்தது, 1915இல் ராணுவ நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே ஸ்டாப்வாட்ச் அளவீட்டுக்குத் தடை எழுதப்பட்டது. அப்படி மனிதர்கள் போராடி வெளியேற்றிய கருவியை நாமே விலைகொடுத்து வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளலாமா? இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் அவர்கள் எதிர்த்தது நேரத்தை அல்ல. தங்கள் உழைப்பை அளந்த எண் மேலாளரின் ஏட்டுக்குப் போய், நாளைய கூலியாகவும் நாளைய அவசரமாகவும் திரும்பி வரும் என்பதை எதிர்த்தார்கள். தன் மேசையில் தான் திருகிவைக்கும் டைமரின் எண் வேறெங்கும் போவதில்லை. அது போகத் தொடங்கும் கணத்தில், எத்தனை சுற்று முடித்தாய் என்று ஆசிரியரோ மேலதிகாரியோ கேட்கும் கணத்தில், அது வாட்டர்டவுன் கடிகாரமே.

அந்த எண் உழைப்பவரிடமே தங்கினால் இன்னொரு நன்மையும் உண்டு. ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று உளவியல் மாணவர்களைக் கேட்ட 1994ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள்; ஆனது 55 நாளுக்கும் மேல். தன் வேலை எவ்வளவு பிடிக்கும் என்பது தனக்கே தெரியாத இந்த நிலையில், ஒரு கட்டுரைக்கு எட்டுச் சுற்று ஆயிற்று என்ற குறிப்பு உண்மையான அறிவு. அதைப் பிறர் பார்ப்பார்கள் என்றால் எட்டை ஆறாக எழுதத்தான் கை போகும். அப்போது அறிவும் கெடும்.

மார்ச் 7, வெள்ளி

மனம் ஒன்றிப்போன வேளையில் மணி அடித்துக் கலைக்கிறதே என்பார்கள். அப்படிக் கலைந்தால் மணியை நிறுத்திவிட்டுத் தொடரலாம்; திருகிய கைக்கு அந்த உரிமை உண்டு. இதைவிடக் கூர்மையான மறுப்பு ஏரியலி, வெர்டன்ப்ராக் ஆகியோரின் 2002ஆம் ஆண்டு ஆய்வில் இருக்கிறது. தாமே வைத்துக்கொண்ட கெடு ஓரளவு உதவியது. ஆனால் பிறர் சீராகப் பிரித்து வைத்த கெடு அதைவிட நன்றாக உதவியது. பிறர் கையே மேல் என்று இதைப் படிக்கலாம். ஆனால் கெடு கேட்பது முடிந்த பொருளை. டைமர் முடித்தாயா என்று கேட்பதில்லை, இந்நேரம்வரை இங்கேயே இருந்தாயா என்று மட்டுமே கேட்கிறது. முன்னதை ஒருவர் இன்னொருவருக்கு வைக்கலாம். பின்னதற்குப் பதில் தெரிந்தவர் உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான்.

எனக்கு முழு விடை கிடைக்காத மறுப்பு ஒன்றே. தனக்கென்று 25 நிமிடம் வைத்துக்கொள்ள எல்லோராலும் முடிவதில்லை. குறுக்கே வருகிறவரிடம் விவரம் சொல்லி, வேறு நேரம் பேசிக்கொண்டு, பிறகு நாமே போய்ப் பார்ப்பது என்கிறார் சிரில்லோ. அலுவலக மேசையில் இருப்பவருக்கு அது கூடும். காலை முதல் ஒரு மணி நேரம் யாரையும் யாரும் அழைப்பதில்லை என்று ஓர் அலுவலகம் முடிவுசெய்தால் எளிதாகவும் கூடும். வார்டில் நிற்கும் செவிலியரும், கைக்குழந்தையோடு தேர்வுக்குப் படிக்கும் தாயும் யாரிடம் வேறு நேரம் பேசிக்கொள்வார்கள்? அவர்களுக்கு டைமரை வாங்கிக் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது. அது ஓடும் நேரம்வரை குழந்தையை வாங்கிக்கொள்ள இன்னொருவர் வேண்டும்.