எலும்புக்கு வேலை கொடுங்கள்

என் பேத்திக்கு 26 வயது, ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலை. மாதா மாதம் எனக்குக் கால்சியம் மாத்திரை வாங்கி வருகிறவள் அவள்தான். ஆனால் எலும்பு விஷயத்தில் என்னைவிட அவளுக்குத்தான் அவசரம். உடம்பு எலும்பைச் சேர்த்துக்கொள்வது ஏறக்குறைய 30 வயது வரைதான். பிறகு இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவே. மாதவிலக்கு நின்ற முதல் சில வருடங்களில் பெண்களுக்குத் தேய்மானம் வேகமாகிவிடும்.

பாரம் ஏறினால்தான் எலும்பு கெட்டிப்படும். விண்வெளியில் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம்வரை கரைகிறது. அதனால்தான் அங்கே தினமும் இரண்டு மணி நேரம்போல் உடற்பயிற்சி செய்கிறார்கள். நம் பெங்களூரில்தான் இஸ்ரோ ககன்யான் வீரர்களைப் பழக்குகிறது. நாள் முழுக்க நாற்காலியை விட்டு எழாத நீங்களும் அந்த வீரர்களுக்கு ஒருவகையில் சொந்தம்தான்!

நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லவை, எலும்புக்குப் போதாது. படி ஏறுங்கள், ஸ்கிப்பிங் ஆடுங்கள், ஜிம்மில் எடை தூக்குங்கள். பெண்பிள்ளை எடை தூக்கினால் உடம்பு முரடாகிவிடும் என்று சொல்லும் அத்தைமார்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்கு இந்த ஊரில் குறையே இல்லை. 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வெள்ளை அரிசியில் 10கூடத் தேறாது. மண்டியாவில் பயிர் விஞ்ஞானி லட்சுமணய்யா நம் ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டி இண்டாஃப் ரகங்களை உருவாக்கியதால் விளைச்சலும் கூடியது. ராகியிலுள்ள ஃபைட்டேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாமல் இழுத்துப் பிடிக்கும். முளைகட்டி அரைத்தால் அந்தப் பிடி தளரும். ஐ.சி.எம்.ஆர். சொல்லும் அளவு நாளுக்கு 1,000 மில்லிகிராம். களி மட்டும் தின்று அதை எட்ட முடியாது. தயிர், தோல் நீக்காத எள், முருங்கைக்கீரை எல்லாம் வேண்டும். பருப்பையும் முட்டையையும் விட்டுவிடாதீர்கள், புரதமில்லாமல் எலும்பு இல்லை.

விடியற்காலையில் லால்பாகில் நடப்பது சுகம்தான், ஆனால் அந்த இளவெயிலில் வைட்டமின் டி கிடைப்பது அபூர்வம். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்து வெயில்தான் வேண்டும். ஆபீஸ் கண்ணாடிக்குள் வரும் வெயில் கணக்கில் வராது. மதியச் சாப்பாடு முடிந்ததும் கொஞ்ச நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

வீட்டுப் பெரியவர்களையும் கவனியுங்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபோரோசிஸ். அப்போது கஞ்சி மட்டும் போதாது, டாக்டரிடம் மருந்து கேட்க வேண்டும். வாரம் ஒருமுறை போடும் மாத்திரை என்றால் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். முதுகெலும்பு தேய்ந்தவர்கள் குனிந்து கால்விரலைத் தொடும் ஆசனங்களைச் செய்யக்கூடாது. பாத்ரூமில் கைப்பிடியும் ராத்திரியில் விளக்கும் கட்டாயம்.

பாட்டி குட்டையாகிக்கொண்டே போகிறாள் என்று சிரிக்கிறீர்களே, முதுகெலும்பு வலியே தெரியாமல் நொறுங்கியிருக்கலாம். சுவரோடு நிறுத்தி அளந்து பாருங்கள். இளவயது உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.