மூத்தாப்பாட குறடு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசிங்க. தரம் 3, தரம் 4 பிள்ளைகளின் உம்மாமார் மட்டும் நேரம் இல்லாவிட்டாலும் வாசிங்க.

போன மாதம் எங்கட வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதித்த பல் மிஸ், பல்லுக் கழற்ற வேண்டிய பிள்ளைகளிடம் சம்மதப் படிவம் கொடுத்துவிட்டார். 11 படிவம் போனது, 10 திரும்பி வந்தது. வராத ஒன்று, கீழ்க் கடைவாயில் பாற்பல் சூத்தையாகி, முரசில் சீழ்க் கொப்புளம் வைத்திருந்த ஒரு பெண் பிள்ளையுடையது. அந்தப் பிள்ளை ஒரு பக்கத்தால்தான் சப்பும். இடைவேளைக்குப் பாண் சாப்பிட்டு முடிக்க மணி அடித்துவிடும்.

பின்னேரம் வீட்டுக்கே போனேன். உம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"டீச்சர், நீங்க கோவிக்கப்படா. எனக்குப் பதினாலு வயசில ஒங்கட மூத்தாப்பாதான் பல்லுப் புடுங்கின. பல்லு முறிஞ்சி வேர் உள்ளுக்க நிண்டுட்டு. மூணு நாள் வாயத் திறக்க ஏலாமக் கிடந்தன். இப்பவும் மழை காலத்தில குத்தும். என்ட புள்ளய ஒரு குறட்டுக்கு முன்னால இருத்த எனக்கு மனசில்ல."

நான் என்ன சொல்ல? தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

(அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயர் போடவில்லை. கொமென்ட்டில் யாரும் ஊகிக்கவும் வேண்டாம்.)

ஊரில் பழைய ஆட்களுக்குத் தெரியும், நான் ஒஸ்தா மாமாட பேத்தி. தெரிந்தும் தெரியாத மாதிரி இருக்கிறவர்களும் இருக்கிறார்கள். என்ட கலியாணப் பேச்சில் அது ஒரு விசயமாக வந்தது. கல்வியியற் கல்லூரி விடுதியில் யாராவது கேட்டால், மூத்தாப்பா வியாபாரம் செய்தவர் என்று சொல்லியிருக்கிறேன். ஊர்ப் பையன்களுக்கு சுன்னத்து செய்தவர் அவர். தலைமுடி வெட்டினார், பல்லும் பிடுங்கினார். 90களில் ரோட்டுப் பூட்டிக் கிடந்த நாட்களில், இரவில் பல்வலி வந்தால் பெரியாஸ்பத்திரிக்கு யார் போவது? மூத்தாப்பாட திண்ணைக்குத்தான் வருவார்கள். ஏழைகளிடம் காசு எடுக்க மாட்டார்.

அவர் மௌத்தாகி 11 வருசம். தகரப் பெட்டி இன்னும் உம்மாட அலுமாரிக்குக் கீழே இருக்கிறது. அன்றிரவு இழுத்துத் திறந்தேன். சவரக் கத்தி, தீட்டுகிற தோல்வார், காய்ந்துபோன ஒரு ஸ்பிரிட் போத்தல், பழைய வேட்டித் துணியில் சுற்றிய குறடு. ஒரேயொரு குறடு. அதை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, துணியில் சுற்றி வைப்பார். அடுத்த ஆள் வந்தால் அதே குறடு. சின்னப் பிள்ளையாக நான்தான் பஞ்சு எடுத்துக் கொடுப்பேன்.

மறுநாள் அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு பல் மிஸ்ஸிடம் போனேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கையுறை போட்டுக்கொண்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "டீச்சர், இது மேல்ப் பல்லுக்கான குறடு."

எனக்கு விளங்கவில்லை. அவர் தன்னுடைய குறடுகளை எடுத்து வரிசையாக வைத்துக் காட்டினார். மேல்ப் பல்லுக்கானது கைபிடியும் அலகும் ஏறக்குறைய ஒரே நேராக ஓடும். கீழ்ப் பல்லுக்கானதில் அலகு கைபிடிக்குச் செங்கோணமாக மடிந்திருக்கும், கொக்கு தலையைக் குனிந்த மாதிரி. மேல்க் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்: கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம் ஒன்று. அதனால் அந்தக் குறட்டில் ஒரு அலகு மட்டும் கூராக இருக்கும். அந்தக் கூர் கன்னப் பக்கத்து இரண்டு வேருக்கும் இடையில் போய் உட்கார வேண்டும். வலப் பக்கத்துக்கு ஒன்று, இடப் பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனிக் குறடு. கீழ்க் கடைவாய்க்கு முன்னும் பின்னுமாக இரண்டு வேர், ஆகவே இரண்டு அலகும் கூர், இரண்டு பக்கத்துக்கும் ஒரே குறடு போதும். சின்னப் பிள்ளைகளின் பாற்பல்லுக்கு இதெல்லாம் சின்ன அளவில் வேறாக இருக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. பாற் கடைவாய்ப் பல்லின் வேர்களுக்கு நடுவில்தான் நிரந்தரப் பல் முளைக்கக் காத்திருக்கும். கூரான அலகை அங்கே ஆழமாக விட்டால் அதற்குச் சேதம்.

நான் தரம் 6க்கு நெம்பு படிப்பிக்கிறவள். எத்தனம், சுமை, சுழலிடம் என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன். குறடு என்பது இரண்டு நெம்பு சேர்ந்தது என்று கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டுப் பெட்டிக்குள் ஒன்று கிடந்தது ஒரு நாளும் ஞாபகம் வரவில்லை. வர விடவில்லை என்பதுதான் சரி.

பல்லுப் பிடுங்குவது என்று சொல்கிறோம், ஆனால் பிடுங்குவது கடைசியில்தான் என்றார் மிஸ். முதலில் அலகை முரசுக்குக் கீழே வேர்ப் பக்கமாக *தள்ள* வேண்டும். தள்ளிப் பிடித்த பிறகு, ஒற்றை வேருள்ள மேல் முன்பல் என்றால் மெதுவாகத் திருகுவது, கீழ்க் கடைவாய் என்றால் கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் ஆட்டுவது. அந்த ஆட்டத்தில் பல் உட்கார்ந்திருக்கும் எலும்புக் குழி கொஞ்சம் கொஞ்சமாக விரியும். விரிந்தால் பல் தானாக வரும். நேரான குறட்டைக் கொண்டு கீழ்க் கடைவாய்ப் பல்லை முன்னாலிருந்து பிடித்தால், அலகு வேர் வரைக்கும் இறங்காது. மேலே தெரியும் தலையைத்தான் பிடிக்கும். இழுத்தால் தலை மட்டும் முறிந்து கையோடு வரும்.

பதினாலு வயதுப் பிள்ளைக்கு நடந்தது அதுதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி பற்றி மதரஸாவிலும் பாடசாலையிலும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தலுஸில், கொர்டோவாவுக்குப் பக்கத்தில் வாழ்ந்து 1013இல் மௌத்தானவர். அவருடைய "அத்தஸ்ரீஃப்" 30 பகுதி. கடைசிப் பகுதி சத்திரசிகிச்சை, அதில் ஏறக்குறைய 200 கருவிகளின் படம். பல்லுச் சுரண்டுகிற கருவிகள், பல் எடுக்கிற குறடு, முறிந்த வேரை எடுக்கிற கருவி எல்லாம் அதில் உண்டு. வலிக்கிற பல் எது என்று நோயாளியே பிழையாகக் காட்டுவார், ஆகவே நன்றாக உறுதிப்படுத்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்று எச்சரிக்கிறார். முரசைச் சுற்றிலும் விடுவித்து, மெல்ல ஆட்டித் தளர்த்திய பிறகுதான் எடுக்க வேண்டும் என்கிறார். இதையெல்லாம் விட்டுவிட்டு அவசரப்பட்டு இழுத்து, வேரை உள்ளே முறித்து விடுகிற அறிவில்லாத நாவிதர்களைக் கண்டிக்கவும் செய்கிறார். அந்த வரியில் மட்டும் எனக்குப் பெருமைப்பட முடியவில்லை. திண்ணையில் பஞ்சு எடுத்துக் கொடுத்த பிள்ளை நான்.

முறிந்து நின்ற வேரை எப்படி எடுப்பது என்று மிஸ்ஸிடம் கேட்டேன். அது ஆஸ்பத்திரிப் பல் வைத்தியரின் வேலை, அதற்கு எலிவேட்டர் வேண்டும் என்றார். ஸ்க்ரூ டிரைவர் மாதிரிக் கைபிடி, நுனி மட்டும் வேறு வேறு. கூப்லண்ட் என்பது தச்சரின் குழி உளி போல, மூன்று அளவில் வரும். கிரையர் என்பது சின்ன முக்கோணக் கொடி போல, இடதும் வலதுமாகச் சோடி. கீழ்க் கடைவாயில் ஒரு வேர் வந்து மற்றது நின்றுவிட்டால், வெறுமையான குழிக்குள் கிரையரை இறக்கித் திருப்பினால் மற்ற வேர் மேலே எழும்பும். இந்த நுனி மழுங்கினால் ஆபத்து. பிடிமானம் இல்லாமல் வழுக்கி நாக்கிலோ கன்னத்திலோ குத்திவிடும். அதனால் அவற்றைக் கல்லில் தீட்டி வைக்க வேண்டும்.

இனி முக்கியமான விசயம். மூத்தாப்பாட குறட்டைக் காட்டி, இதைக் கழுவி அவித்தால் பாவிக்கலாமா என்று சும்மா கேட்டேன். மிஸ் மூட்டைத் திறந்து காட்டினார். மேல் பூச்சு உரிந்து, மூட்டுக்குள் துரு பிடித்து, புள்ளி புள்ளியாகக் குழி. அந்தக் குழிகளுக்குள் போன இரத்தத்தைப் பிரஷ்ஷும் எடுக்காது, ஸ்பிரிட்டும் எடுக்காது. ஈரல் அழற்சி பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். நான் கொடுத்த பஞ்சு என்னத்தைத் துடைத்திருக்கும்?

ஒரு குறடு ஒரு வாய்க்குப் போய் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதை அன்று நின்று பார்த்தேன். முதலில் அதைக் காயவிடுவதில்லை. காய்ந்த இரத்தம் கல்லு மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் உடனே சலவைத் திரவம் கலந்த தண்ணிக்குள் போகும். உதவியாளர் தடித்த ரப்பர் கையுறை போட்டு, குறட்டைத் திறந்து, *தண்ணிக்குள்ளேயே* வைத்துப் பிரஷ் போடுகிறார். மேலே எடுத்துத் தேய்த்தால் முகத்துக்குத் தெறிக்கும். அலகின் உள்பக்கத்தில் வரி வரியாக இருக்கும், அதுவும் மூட்டும்தான் அழுக்கு நிற்கிற இடம். குளோரின் பாவிப்பதில்லை, அது உலோகத்தை அரிக்கும். பிறகு அலசி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். மூட்டு இறுகினால் அதற்குரிய எண்ணெய். பிறகு ஒரு பக்கம் கடதாசி, ஒரு பக்கம் பிளாஸ்டிக் உள்ள பைக்குள் போட்டு ஒட்டி, ஓட்டோகிளேவ்.

ஓட்டோகிளேவ் எங்கட குசினி பிரஷர் குக்கரின் பெரிய அண்ணன். தண்ணி சாதாரணமாக 100 பாகையில் கொதிக்கும், அது சில கிருமிகளின் வித்திகளுக்குப் போதாது. அமுக்கத்தோடு நீராவி 121 பாகைக்குப் போய் 15 நிமிடம் நிற்க வேண்டும், அல்லது 134 பாகையில் 3 நிமிடம். அது உள்ளே அந்த வெப்பத்தில் நிற்கிற நேரம் மட்டும்தான். சூடேறுகிற நேரமும் காய்கிற நேரமும் வேறு. பையில் ஒரு அடையாளம் நிறம் மாறும். பை ஈரமாக வெளியே வந்தால் திரும்பவும் முதலிலிருந்து, ஏனென்றால் ஈரக் கடதாசி வழியாகக் கிருமி உள்ளே போகும். கழுவாமல் ஓட்டோகிளேவில் போட்டால் என்ன என்று கேட்டேன். "அழுக்கோட அவிச்சா அழுக்குதான் அவியும் டீச்சர்" என்றார்.

விறைப்பு ஊசியின் ஊசியும் மருந்துக் குழாயும் ஆளுக்கு ஒன்று, பாவித்தால் வீச வேண்டியதுதான்.

இரண்டு நாள் கழித்து அந்த உம்மாவிடம் திரும்பப் போனேன். கையொப்பம் கேட்கவில்லை. "பிள்ளையக் கூட்டிட்டு வர வேணாம். நீங்க மட்டும் வந்து பாருங்க" என்றேன். வந்தார். மிஸ் அவருக்கும் எல்லாவற்றையும் காட்டினார். கொதி தண்ணியில் போட்டால் காணாதா என்று அவரும் கேட்டார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: பையை அவருடைய கண்ணுக்கு முன்னால்தான் கிழிக்க வேண்டும்.

அப்படியே நடந்தது. செவ்வாய்க்கிழமை காலை, உம்மா கதிரைக்குப் பக்கத்தில் நின்று பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டார். பை ஒட்டியிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று தானே வாங்கிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். விறைத்த பிறகு, நான் மனதுக்குள் ஆயத்துல் குர்ஸி ஓதி முடிப்பதற்குள் பல் வந்துவிட்டது. இரண்டு வேரும் முழுசாக. உம்மா அதை வாங்கி, வேரை விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தார்.

பல் எடுத்த பிள்ளைகளுக்கு: பஞ்சை அரை மணித்தியாலம் இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். துப்பிக்கொண்டிருக்கக் கூடாது, அன்று முழுக்க வாய் கொப்பளிக்கக் கூடாது. குழியில் உறைகிற இரத்தம்தான் மருந்து, அது கழன்றால் வலி வரும். மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணி. விறைப்பு இறங்கும் வரைக்கும் உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்குக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

வெளியே வந்ததும் அந்த உம்மா கேட்டார்: "டீச்சர், அப்ப அது ஒங்கட மூத்தாப்பாட பிழையா, குறட்டுட பிழையா?"

ரெண்டும்தான் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு அந்தக் குறட்டைப் பார்க்கலாமா என்று கேட்டார். என்ட பையில்தான் இருந்தது, அந்த இரண்டு வாரமும் அதைத் தூக்கிக்கொண்டே திரிந்தேன். பொலித்தீனோடு எடுத்துக் கொடுத்தேன். கையில் வைத்து நிறை பார்க்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

"இவ்வளவு சின்னமா? நான் பெரிசு எண்டு நினச்சன்," என்றார்.

அவருடைய வேரை எடுக்க ஆஸ்பத்திரியில் அடுத்த மாதம் திகதி கொடுத்திருக்கிறார்கள். துணைக்கு நான் போகிறேன். தரம் 4 படிவங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்துவிடப்படும். பார்க்க விரும்புகிற உம்மாமார், வாப்பாமார் எனக்குச் சொல்லுங்க, மிஸ்ஸிடம் நேரம் கேட்டு வைக்கிறேன்.