பாட்டனாரின் கடை யாருடையது?



நம் கடற்கரை ஊர்களில் சபர் செல்லாத குடும்பம் அரிது. பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, இரங்கூன் எனக் கப்பலேறிய முன்னோர் ஒருவராவது உங்கள் இல்லத்திலும் இருந்திருப்பார். அவர் அங்கே என்ன தொழில் செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். "பெரிய கடை வைத்திருந்தார்" என்பதே பெரும்பாலும் விடையாக வரும். எங்கள் இல்லத்திலும் அவ்விடையே வழங்கி வந்தது. அதனோடு ஒரு மனத்தாங்கலும் வழங்கி வந்தது.

என் பாட்டனார் 1928 இல் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றார். பத்தாண்டுகளுக்குப் பின் அங்கேயே மௌத்தானார். கடையோ அவருடைய தமக்கையின் கணவராகிய மச்சானிடம் இருந்தது. "நம் கடையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்" என்று வாப்பிச்சா சொன்ன சொல் மூன்று தலைமுறைக்கும் நீடித்தது. அடுத்த தெருவில் வாழும் அக்குடும்பத்தாரோடு எங்களுக்குக் கொள்வினை கொடுப்பினை இல்லாமற் போயிற்று.

பாட்டனாரின் கடிதங்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு நான் சிங்கப்பூர் சென்றேன். கடிதத்தின் தலைப்பில் 'கிளிங் தெரு' என்றிருந்தது. இன்றைய வரைபடத்தில் அப்படியொரு தெருவே இல்லை. நம்மவர்களை இழிவாகக் குறிக்கும் சொல் என்பதால் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது 'சூலியா தெரு' எனப் பெயர் மாற்றப்பட்டது. மக்கள் நாவில் பழைய பெயரே நெடுநாள் நின்றிருக்கிறது. பழைய வரைபடத்தையும் புதியதையும் அருகருகே வைத்த பிறகே இடம் புலப்பட்டது.

வரைபடங்கள் வியப்பூட்டுபவை. கோல்மன் என்பவர் வரைந்த 1836 ஆம் ஆண்டுப் படத்தில் தெலோக் ஆயர் தெருவின் ஓரத்திலேயே கடல் இருக்கிறது. 1828-30 இல் எழுந்த நாகூர் தர்கா அக்கரையை நோக்கியே நின்றது. பின்னர் கடல் தூர்க்கப்பட்டது. இன்று அங்கே நின்றால் உயர்ந்த கட்டடங்களே தெரிகின்றன, அலையோசை கேட்பதில்லை.

விக்டோரியா தெருவிலுள்ள தேசிய நூலகத்தில் ஆண்டுதோறும் வெளிவந்த பழைய டைரக்டரிகளைப் பார்த்தேன். நிறுவனங்களும் வணிகர்களும் முகவரியோடு அவற்றில் இடம்பெற்றுள்ளனர். கடைச் சிப்பந்திகளுக்கும் தோணிக்காரர்களுக்கும் அவற்றில் இடமில்லை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஒரே விதமாக எழுதியதுமில்லை. மரைக்காயர் என்பது மரிக்கான், மரிக்கார், மெரிக்கன் என்றெல்லாம் உருமாறும். எனவே எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் தேடினேன்.

பாட்டனாரின் பெயர் எங்குமில்லை. ஆனால் அதே தெருவில், அதே கதவிலக்கத்தில், மச்சானுடைய தகப்பனாரின் பெயரால் அக்கடை இருந்தது. அதுவும் 1924 ஆம் ஆண்டுத் தொகுதியில்! பாட்டனார் கப்பலேறுமுன்பே அது அவர்களுடைய கடை. பிந்திய தொகுதிகளிலும் பெயர் மாறவில்லை.

டைரக்டரியை மட்டும் நம்பி முடிவு செய்யலாகாது. கூட்டாளியின் பெயர் அதில் விடுபட்டிருக்கலாம். ஆகவே கடிதங்களை மீண்டும் படித்தேன். "இம்மாதச் சம்பளத்தில் முன்பணம் கழித்தது போக" என்றொரு வரி. அவர் ஆட்களுக்குக் கொடுத்த சம்பளம் என்றே நாங்கள் அதுவரை எண்ணியிருந்தோம். அது அவர் வாங்கிய சம்பளம்!

அன்று அஸர் தொழுகைக்குச் சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலுக்குச் சென்றேன். 1826 இல் நம்மவர்கள் நிறுவிய பள்ளி அது. பாட்டனாரும் அங்கே தொழுதிருப்பார். முதலாளியாயிருந்து பணம் அனுப்புவது எளிது. முன்பணம் வாங்கிய சம்பளக்காரர் மாதந்தவறாமல் அனுப்பினாரே, அதுவன்றோ பெரிது! என் கண்கள் கலங்கின.

ஊர் திரும்பியதும் மச்சானின் பேரரிடம் சென்று, "காக்கா, எங்களை மன்னித்துவிடுங்கள்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, "தம்பிக்குத் தேநீர் கொண்டு வாருங்கள்" என்றார்.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழங்கடிதங்கள் இருக்கக்கூடும். முகவரியையும் தேதியையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பு சென்றோருக்குப் பெர்குசன் டைரக்டரி உண்டு. பெருமை கிடைக்குமென்று தேடாதீர்கள். உண்மை கிடைத்தால் போதும். மறைந்தவர்மீதும் இருப்பவர்மீதும் நாம் சுமத்திய பழி ஏதேனும் இருப்பின் அது நீங்கட்டும்.