வேட்டை நாய் மோப்பம் பிடித்த கதை

குவாலியர் அருகே டேகன்பூரில் நாய்களுக்குப் பாடம் நடக்கிறது. அதில் பாதிப் பாடம், வாரைப் பிடித்திருக்கும் மனிதருக்கு.

குவாலியரிலிருந்து ஜான்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது டேகன்பூர். எல்லைப் பாதுகாப்புப் படையின் அகாடமி இங்கே இருக்கிறது என்பதைத் தவிர, ஊர் பெயரை வெளியூர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேறு காரணம் அதிகமில்லை. அதிகாரிகளை உருவாக்கும் அந்த வளாகத்துக்குள் இன்னொரு பள்ளியும் இருக்கிறது. அதன் மாணவர்களுக்கு நான்கு கால். 1970-ல் தொடங்கப்பட்ட தேசிய நாய்ப் பயிற்சி மையம் அது. எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்கள் மட்டுமல்ல, பல மாநிலப் போலீஸ் நாய்களும் இங்கே படித்துவிட்டுப் போயிருக்கின்றன.

கோடையில் 45 டிகிரியைத் தொடும் பிரதேசம். எனவே வெளிமைதானப் பாடத்துக்கு விடியற்காலைதான் நல்ல நேரம். நாய்க்கு இளைப்பு வரும் என்பது மட்டும் காரணமல்ல. மனிதன் நடந்துபோன தடத்தில் விட்டுச் செல்லும் வாசனை ஈரமான தரையில் தங்கும். வெயில் ஏற ஏற, காற்று எழ எழ அது சிதறிவிடும். காலை 6 மணிக்கு நாய் தலையைத் தாழ்த்தி நூல் பிடித்ததுபோல் போகும் அதே தடத்தில், 11 மணிக்கு அது குழம்பி நிற்கலாம். அனுபவமில்லாதவர் நாயைத் திட்டுவார். அனுபவசாலி கடிகாரத்தைப் பார்ப்பார்.

போலீஸ் நாய் தனியாகப் படிப்பதில்லை. அதன் ஹேண்ட்லரும் கூடவே படிக்கிறார். நாய்க்குச் சோறு வைப்பது, உடம்பைத் துலக்கிவிடுவது, உலாவ அழைத்துப்போவது எல்லாம் அவர் வேலை. யார் கையால் சாப்பிடுகிறதோ, யாருடன் விளையாடுகிறதோ அவர் சொல்லைத்தான் நாய் நம்பும். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் 'ஹீல்', 'சிட்', 'டௌன்', 'ஸ்டே' என்ற பாலபாடம். அதற்கப்புறம் தொழில். இந்தியப் படைகளில் வழக்கமான கணக்குப்படி, தடம் பிடிக்கும் நாய்க்கு 36 வாரம், வெடிமருந்து தேடும் நாய்க்கு 24 வாரம். குண்டு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த நாய் குரைக்கக் கூடாது, பிறாண்டவும் கூடாது. சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட வேண்டும். ஆர்வக்கோளாறு அங்கே உயிருக்கே உலை வைக்கும்.

இந்த வகுப்புகளில் பல ஆண்டுகளாக முன்வரிசை லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும்தான். பின்னால் பெல்ஜியன் மலினுவா வந்து சேர்ந்தது. நாட்டு நாய்கள்? அவற்றின் மீது ஒரு பழி இருந்தது: 'வேகமாக ஓடும், சொன்ன பேச்சைக் கேட்காது.'

அந்தப் பழி விழுந்த இடம் லக்னோ. 2024-ல் அங்கே நடந்த அகில இந்தியப் போலீஸ் பணித்திறன் போட்டியில், எல்லைப் பாதுகாப்புப் படையின் ரியா என்ற பெண் நாய், தடம் பிடிக்கும் பிரிவில் முதலிடம் பெற்றது. போட்டியின் தலைசிறந்த நாய் என்ற பட்டத்தையும் தட்டிச் சென்றது. அது முந்தியது 116 வெளிநாட்டு இன நாய்களை. ரியா ஒரு முதோல்.

வடகர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்தில் உள்ள முதோல், முன்பு கோர்படே மன்னர்களின் சமஸ்தானம். அங்கிருந்து ஒரு ஜோடி நாய்கள் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குப் பரிசாகப் போனதால் உலகம் அந்தப் பெயரைக் கேட்டது. ஒட்டிய வயிறு, நீண்ட கால், குறுகிய முகம் என்று உடம்பே ஓட்டத்துக்காக அமைந்தது. 2005-ல் தபால் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தலைகளில் முதோல் ஒன்று. ராம்பூர், இமயமலை ஆட்டு நாய், நம் ராஜபாளையம் ஆகியவை மற்ற மூன்று.

ரியாவின் வெற்றியில் கவனிக்க வேண்டியது, இந்திய நாய் ஜெயித்தது என்பது மட்டுமல்ல. முதோல் கண்ணால் வேட்டையாடும் நாய். தொலைவில் முயல் அசைந்தால் பாய்ந்து துரத்துவதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது. அதைக் கண்ணை மறந்து, மூக்கைத் தரையில் வைத்து, யாரோ நடந்துபோன தடத்தில் நிதானமாகப் போக வைத்திருக்கிறார்கள். ஓட்டப்பந்தய வீரனைச் சதுரங்கத்தில் ஜெயிக்க வைத்த மாதிரி.

வேட்டை நாய் ஏன் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்பதற்கு விடை அதன் பழைய தொழிலில் இருக்கிறது. ஆடு மேய்க்கும் நாய் மனிதன் முகத்தைப் பார்த்து வேலை செய்யும். அடுத்த உத்தரவு அங்கிருந்துதான் வரும். வேட்டை நாயோ எஜமானனிடமிருந்து வெகுதூரம் ஓடி, தானே முடிவெடுத்துப் பழகியது. ஒரே உத்தரவைப் பத்து முறை சொன்னால் ஜெர்மன் ஷெப்பர்ட் பத்து முறையும் செய்யும். முதோல் மூன்றாவது முறையிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதட்டினால் ஒடுங்கிப்போகும். இதை முட்டாள்தனம் என்று எழுதிவைத்தவர்கள், தங்கள் பாடம் சலிப்பூட்டியது என்று எழுதவில்லை. குறைந்த நேரம், நிறையப் பாராட்டு, அதிகப் பொறுமை என்று பாடம் நடத்தும் முறையை மாற்றினால் நாயும் மாறுகிறது.

அரசாங்கத்தின் பார்வையும் மாறியிருக்கிறது. 2016-ல் ராணுவம் முதோல் குட்டிகளை மீரட் மையத்தில் பயிற்சிக்குச் சேர்த்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் மோடி தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். 2025 அக்டோபர் 31 அன்று குஜராத்தின் ஏக்தா நகரில் நடந்த தேசிய ஒற்றுமை தின அணிவகுப்பில், எல்லைப் பாதுகாப்புப் படையின் நாய்ப் பிரிவாக நடந்து வந்தவை முதோலும் ராம்பூரும். ஆனால் ஒரு ரியாவை வைத்து எல்லா நாட்டு நாயும் மோப்பச் சிங்கம் என்று முடிவு கட்டிவிட முடியாது. தேர்வு செய்து, குட்டியிலிருந்தே பழக்கினால்தான் பலன்.

அந்தக் 'குட்டியிலிருந்தே' என்ற சொல்தான் வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு டேகன்பூர் தரும் முதல் பாடம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை நாய்க்குட்டி உலகத்தை அறிமுகம் செய்துகொள்ளும் பருவம். அந்த நாட்களில் அந்நியர், குழந்தைகள், ஆட்டோ சத்தம், மழை, பிரஷர் குக்கர் விசில் எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்த்துவிட்டால் பிறகு எதற்கும் மிரளாது. தடுப்பூசி முடியும்வரை தெருவில் இறக்க வேண்டாம். தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம்.

பாடம் ஐந்து நிமிடம் போதும், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. உட்கார்ந்த மறுகணமே இறைச்சித் துண்டோ பாராட்டோ கிடைக்க வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்குத் தெரியாது. அப்பா 'சிட்' என்றும், அம்மா 'உட்காரு' என்றும், தாத்தா 'படு' என்றும் சொன்னால் குட்டி மூன்று பேரையும் கேட்காது. வீட்டுக்கு ஒரே சொல். அடி வேண்டாம். அடித்துப் படிய வைத்த நாய் கை ஓங்கும்போது மட்டும் கேட்கும்.

போட்டிக்குப் போக விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. அதன் கீழுள்ள சங்கங்கள் ஊருக்கு ஊர் கண்காட்சிகள் நடத்துகின்றன. ஊட்டியில் மே மாதக் கண்காட்சி பிரசித்தம். முதல் முறை நாயில்லாமல் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வருவது உத்தமம். அங்கே இரண்டு விதப் போட்டிகள் உண்டு. ஒன்று, இனத்துக்குரிய உடலமைப்பையும் நடையையும் பார்ப்பது. இன்னொன்று, கீழ்ப்படிதல் தேர்வு. முன்னதில் பிறப்பு பேசும். பின்னதில் உழைப்பு பேசும். அஜிலிட்டி என்ற தடை தாண்டும் விளையாட்டில் இறங்குபவர்கள் அவசரப்படக் கூடாது. எலும்பு முற்றி வளர்ச்சி நிற்க ஒரு வயதுக்கு மேலாகும். அதற்குள் உயரம் தாண்ட வைத்தால் மூட்டு கெடும்.

தென்மாவட்டங்களில் இன்றும் ராஜபாளையம் குட்டியை ஆசையாக வாங்கி, ஆறாம் மாதத்தில் கேட்டருகே சங்கிலியில் கட்டிவிட்டு, இரண்டாம் வயதில் 'கடிக்கிறது, யாராவது கொண்டுபோங்கள்' என்பவர்கள் இருக்கிறார்கள். ஓடுவதற்கென்றே பிறந்த உடம்பை நாலடிச் சங்கிலியில் நிறுத்தினால் அது முரடாகாமல் என்ன செய்யும்? நாயை எப்போதும் கட்டியே வைத்து, உலாவ விடாமலிருப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ரியாவுக்கும் அந்த நாய்க்கும் பிறவியில் பெரிய வித்தியாசமில்லை. ஒன்றுக்கு வாத்தியார் கிடைத்தார், இன்னொன்றுக்குச் சங்கிலி கிடைத்தது.

நல்ல பயிற்சியாளர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய பாடம் எவ்வளவு சொதப்பினாலும், கடைசியாக நாய்க்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்யச் சொல்வார்கள். அது செய்யும். தட்டிக்கொடுப்பார்கள். தோற்ற நினைப்போடு நாய் கூண்டுக்குத் திரும்பக் கூடாது. அப்போதுதான் மறுநாள் வாலை ஆட்டிக்கொண்டு வகுப்புக்கு வரும்.