ஆலங்காயத்து வானமும் காமிரா முக்காலியும்

ஆலங்காயத்தைத் தாண்டினால் ஜவ்வாது மலை. நகர வெளிச்சம் எட்டாத அதன் இருட்டைத் தேடித்தான் வானசாஸ்திரி வைணு பாப்பு காவலூருக்கு வந்தார். அங்கே 1986-ல் திறந்த தொலைநோக்கியின் கண்ணாடி 2.34 மீட்டர் அகலம்!

அந்த வானத்தைப் படம் பிடிக்க விரும்பும் நேயர்கள், இலேசான முக்காலி என்றவுடன் மயங்கிவிட வேண்டாம். நட்சத்திரம் பதியக் காமிரா சுமார் 15 விநாடி அசையாதிருக்க வேண்டும். அலுமினியத்தைவிடக் கார்பன் இழைக் கால்கள் இலேசு, விலைதான் அதிகம். ஐந்து அடுக்குக் கால் பைக்குள் அடங்கும். ஆனால், கடைசி அடுக்கு குச்சியாய் மெலிந்து மலைக்காற்றில் நடுங்கும். மூன்று, நான்கு அடுக்கே உத்தமம். நடுத்தண்டை உயர்த்தாமல், அதன் கொக்கியில் பையைத் தரை தொடும்படி மாட்டுங்கள். தோளில் இலேசு, தரையில் கனம்: அதுவே நல்ல முக்காலி.