வெளிக்கதவு கற்றுத்தந்த பாடம்



இலக்கணத்தையும் பயிற்றிகளையும் பற்றியே எழுதி வந்த நான் இன்று என் வீட்டு வெளிக்கதவைப் பற்றி எழுதுகிறேன். தானியங்கிக் கதவு என்று நாம் எழுதினாலும், ஜொகூர் தாமான்களில் அதற்கு வழங்கும் பெயர் ‘ஆட்டோகேட்’ என்பதே. ஸ்கூடாயிலுள்ள எங்கள் வரிசை வீட்டிற்கும் அப்படியொரு கதவு உண்டு. இரண்டு இறக்கைகள்; ஒவ்வொன்றையும் உள்நோக்கி இழுத்துத் திறக்க ஒரு மோட்டார். ஐந்து ஆண்டுகளாக ரிமோட்டை அழுத்தினோம், அது திறந்தது. அதற்குமேல் அதைப் பற்றி எதுவும் அறிந்துகொள்ள முயன்றதில்லை.

பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டுவது நாமெல்லாரும் அறிந்ததே. ஏப்ரல் இறுதியில் ஒரு நாள் மாலையில் தொடங்கிய இடிமழை இரவு பத்து மணிக்குப் பின்னும் ஓயவில்லை. மின்சாரமும் தடைபட்டது. எழுபத்தாறு வயதான என் தாயார் மூச்சு வாங்குகிறது என்று எழுந்து உட்கார்ந்தார். கணவர் சிங்கப்பூரில் இரவு வேலையில் இருந்தார். அம்மாவை மெல்ல நடத்திச் சென்று மகிழுந்தில் அமர்த்திவிட்டு ரிமோட்டை அழுத்தினேன். கதவு அசையவில்லை.

“கரண்ட் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் பேட்டரியில் ஓடும்” என்று பொருத்தியவர் சொன்னது நினைவிற்கு வந்தது. மீண்டும் மீண்டும் அழுத்தினேன், பயனில்லை. கையால் தள்ளிப் பார்த்தேன். மோட்டாரின் பற்சக்கரங்கள் கதவைப் பூட்டியே வைத்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்தப் பிடிப்பை விடுவிக்க ஒரு சிறிய சாவி உண்டு. அது எங்கே?

அலமாரி, இழுப்பறை, சமையலறைத் தட்டு என்று இருட்டில் தேடினோம். இறுதியில், உத்தரவாத அட்டைக்கு அடியில், பிரிக்கப்படாத நெகிழி உறைக்குள் இருந்த சாவியை என் மகள் கண்டெடுத்தாள். அதை எங்கே நுழைப்பது என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. அதே வகைக் கதவை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு மலாய்க்காரர், மழையில் நனைந்தபடி மதிலுக்கு அப்பால் கைவிளக்கைப் பிடித்து, மோட்டாரின் அடியிலிருந்த மூடியைக் காட்டிக்கொடுத்தார். சாவியைத் திருப்பியதும் கதவு கைக்கு இணங்கியது.

மருத்துவமனையில் அம்மாவுக்கு உயிர்வளி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் நலமாக வீடு திரும்பினார். ஆனால், “எத்தனை மணிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது?” என்று மருத்துவர் கேட்டபோது நான் மனத்திற்குள் கணக்குப் பார்த்தேன். இருபது நிமிடங்களைச் சாவி தேடுவதிலேயே கழித்திருந்தோம். அதை அவரிடம் சொல்ல நாணமாக இருந்தது.

மின்சாரம் வந்த பிறகும் கதவு சரியாகவில்லை. பாதி திறந்ததும் நின்று, வந்த வழியே திரும்பிச் சென்றது. “இடி தாக்கிப் போர்டு போய்விட்டது” என்றார்கள் வந்தவர் போனவரெல்லாம். தொலைபேசியில் பேசிய பழுதுபார்ப்பவர் ஒருவரும் கதவைப் பாராமலே அதையே சொல்லி, 450 ரிங்கிட் ஆகும் என்றார். உறவினர் ஒருவரோ, “பெட்டிக்குள் விசையைக் கூட்டும் திருகு இருக்கிறது, கொஞ்சம் கூட்டிவிட்டால் போதும்” என்றார். திருப்புளியைக் கையில் எடுத்துவிட்டேன்.

நல்லவேளையாக, எங்கள் தாமானில் நெடுங்காலம் மின்வேலை செய்துவரும் பெரியவர் அன்று மாலை வந்தார். “அதைத் தொடாதீங்க டீச்சர். முதல்ல வெளியிலிருந்து பார்ப்போம்” என்றார். அவர் பார்த்த வரிசையை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ரிமோட். அதை அழுத்தியும், வீட்டுச் சுவரிலுள்ள பொத்தானை அழுத்தியும் பார்த்தார். இரண்டிலும் கதவு ஒரே விதமாகத் திரும்பியது. ஆகவே, குறை ரிமோட்டில் இல்லை. இரண்டாவதாக, வீட்டு மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பேட்டரியை அளந்தார். நன்றாக மின்னேற்றப்பட்ட 12 வோல்ட் ஈயஅமில பேட்டரி, சும்மா இருக்கையில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்ட வேண்டும். எங்களுடையது 12ஐ ஒட்டிக் காட்டியது. மோட்டாரை இயக்கியதும் சரசரவென்று விழுந்தது. சும்மா அளந்தால் பேட்டரி ஏமாற்றும், வேலை கொடுத்து அளக்க வேண்டும் என்றார். வெயில் படும் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் இத்தகைய பேட்டரிகள் விரைவில் வலுவிழக்கும். ஐந்து ஆண்டுகள் மாற்றாமல் விட்டது என் பிழை. அந்த இரவில் கதவு அசையாததன் காரணம் இதுவே.

மூன்றாவதாக, சாவியால் மோட்டாரை விடுவித்து இரண்டு இறக்கைகளையும் கையால் தள்ளச் சொன்னார். வலப்பக்கம் ஒரு விரலால் தள்ளினாலே நகர்ந்தது. இடப்பக்கம் பாதி வழியில் முனகிக்கொண்டு நின்றது. “கீழே பாருங்க” என்றார். சிமெண்டுத் தரையில் வில்போல ஒரு கீறல்! துருப்பிடித்த கீல் தளர்ந்து கதவு தாழ்ந்திருந்தது. வீட்டை நோக்கித் தரை சற்று உயர்வதால், பாதி திறந்ததும் கதவின் அடிப்பகுதி தரையில் உரசியது. அந்தக் கீறலின் மீதுதான் நான் நாள்தோறும் மகிழுந்தை ஓட்டிச் சென்றிருக்கிறேன்.

கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கடைசியாகத்தான் திறந்தார். வீட்டு மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால் போதாது, பேட்டரியின் இணைப்பையும் கழற்ற வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னார். உள்ளே எறும்புக் கூட்டமும் இரண்டு பல்லி முட்டைகளும் இருந்தன. போர்டு நன்றாகவே இருந்தது. கீலுக்கான வெல்டிங் கூலியும் புதிய பேட்டரியும் சேர்ந்து 180 ரிங்கிட் ஆயிற்று.

“அப்படியானால் கதவு ஏன் திரும்பிப் போனது?” என்று கேட்டேன். “அது கெட்டுப் போகலை டீச்சர். சொன்னபடி கேட்குது. வழியில ஏதோ தடுக்குது, குழந்தையா இருக்கலாம்னு நினைச்சுத் திரும்புது” என்றார். விசைத் திருகைக் கூட்டியிருந்தால் கதவு தரையைக் கீறிக்கொண்டு திறந்திருக்கும், நானும் மகிழ்ந்திருப்பேன். ஆனால் நாளை ஒரு பிள்ளை இடையில் சிக்கினாலும் அது நிற்காமல் போகக்கூடும். அமெரிக்காவில் மகிழுந்துக் கொட்டகைகளின் தானியங்கிக் கதவுகளுக்கு அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்த பின்னரே, 1993 ஜனவரி முதல் செய்யப்படும் இயந்திரங்கள் யாவும் தடை நேர்ந்தால் திரும்பும் பாதுகாப்பைக் கொண்டிருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பிள்ளைகளின் உயிர்களை இழந்து பெற்ற அந்தப் பாதுகாப்பைத்தான், ஒரு திருப்புளியால் நான் தளர்த்தப் பார்த்தேன்.

அன்றிரவு கணிதப் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்த அமர்ந்தேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் 503இலிருந்து 187ஐக் கழித்து 416 என்று எழுதியிருந்தான். வழக்கம்போல் ‘கவனம் தேவை’ என்று எழுதப் போன கை நின்றது. அவனுடைய பழைய கணக்குகளைப் புரட்டினேன். பூச்சியம் இல்லாத கணக்குகளெல்லாம் சரி. நடுவில் பூச்சியம் வந்தால் மட்டும், அதை 9 ஆக்கிவிட்டு, நூறிலிருந்து ஒன்றைக் குறைக்க மறந்திருந்தான். ஒவ்வொரு முறையும் அதே பிழை. ‘கவனம் தேவை’ என்று எத்தனை முறை எழுதினேனோ! பாராமலே ‘போர்டு போய்விட்டது’ என்றவருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? மறுநாள் பத்துக் காசு நாணயங்களையும் ஒரு வெள்ளித் தாள்களையும் வைத்துப் பத்து நிமிடம் அவனோடு அமர்ந்தேன். 316 வந்தது.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்னும் கருத்தைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தில் எத்தனையோ ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். வீட்டு வாசலில் அதை மறந்துவிட்டேன்.

இப்போது விடுவிப்புச் சாவி, வாசற்கதவின் பின்புறம், என் மகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஓர் ஆணியில் தொங்குகிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று வீட்டு மின்சாரத்தை நிறுத்தி, பேட்டரியில் கதவு திறக்கிறதா என்று பார்க்கிறோம். பிறகு ஆளுக்கொரு முறை சாவியால் கதவை விடுவித்துக் கையால் திறக்கிறோம். சென்ற ஞாயிறு அம்மாவும் தம் முறைக்கு வந்து நின்றார். ஒரு நிமிடத்திற்குள் திறந்துவிட்டார்.

இதைப் படித்து முடித்ததும் எழுந்து சென்று, உங்கள் வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மின்சாரம் இருக்கும்போதே அது எங்கே நுழைகிறது என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள்.