முகமும் நாவும்

தேஜோன் நகரில் நாங்கள் குடியிருந்தது 2012 முதல் ஈராண்டுக் காலம். எங்கள் இருவரில் ஒருவருக்கு அங்கே ஆய்வுக்கூடம் ஒன்றில் பணி. மற்றவர் கல்லூரியில் ஊதியமில்லா விடுப்புப் பெற்று உடன் சென்றவர். தமிழ் முதுகலைப் பட்டம் கொரியாவில் எதற்குப் பயன்படும் என்று கேட்காதீர்கள். கீரைக்கட்டுக்குப் பேரம் பேசக்கூடப் பயன்படவில்லை.

எதிர்வீட்டில் ஓர் இளம்பெண் தனியே இருந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். பெற்றோர் 1970களில் சியோலிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்று, ஆங்கிலம் கற்பிக்கும் வேலை தேடி மூதாதையர் மண்ணுக்கு வந்திருந்தார். கடல் கடந்து வாழும் தம் இனத்தாரைக் கொரியர் 'கியோபோ' என்பர். அச்சொல்லை அவர் எங்களுக்குச் சொல்லித்தந்தபோது, அதில் உறவும் விலக்கமும் ஒருசேர ஒலித்தன.

ஆங்கிலத்தின்மீது கொரியருக்குள்ள வேட்கை வேறு வகையானது. நவம்பர் மாதத்துக் கல்லூரி நுழைவுத் தேர்வில், ஆங்கிலம் கேட்டு விடையெழுதும் அரைமணிக்கு மேற்பட்ட நேரத்தில், நாடெங்கும் விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. 'ஹாக்வோன்' எனப்படும் தனிப்பயிற்சிக்கூடங்கள் தெருவுக்கு நான்கு. அத்தகைய நாட்டில் வேலைக்கா பஞ்சம் என்றுதான் நாங்களும் எண்ணினோம்.

சட்டம் அவர் பக்கமே இருந்தது. ஆங்கிலம் கற்பிக்க வரும் அயலாருக்கு ஈ-2 விசா. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே அது பொதுவாகக் கிடைக்கும். வேலை தந்த நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டதும்கூட. (இந்தியருக்கு, 2010இல் நடைமுறைக்கு வந்த வணிக உடன்பாடு 'உதவி ஆசிரியர்' என்றொரு சிறு கதவைத் திறந்துவைத்தது.) அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற கொரிய வழித்தோன்றல்களுக்கோ, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக எஃப்-4 விசா. எவருடைய தயவும் வேண்டாம். விரும்பும்போது வேலை மாறலாம்.

தடையாக நின்றது ஒரு புகைப்படம். தொலைபேசியில் அவர் குரலைக் கேட்டவர்கள் ஊதியம் வரைக்கும் பேசி முடிப்பார்களாம். பிறகு, "ஒரு படம் அனுப்பிவையுங்கள்" என்பார்களாம். அதன்பின் மறுமொழி இராது. ஒரு முதல்வர் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார்: பெற்றோர் பணம் கட்டுவது அயலாரிடம் படிக்கத்தான், உங்களைக் காட்டினால் உள்ளூர் ஆசிரியை என்று சண்டைக்கு வருவார்கள்.

ஐந்தாம் மாதத்தில் ஒரு வேலை கிடைத்தது. பிள்ளைகள் முன்னிலையில் கொரிய மொழி தெரியாதவராக நடந்துகொள்ளவேண்டும் என்பது நிபந்தனை. வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொரிய மொழியில் ஏதோ சொல்லி அழ, அது புரிந்தும் புரியாதவராக, "ஆங்கிலத்தில் சொல்" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, பிறகு பொறுக்கமாட்டாமல் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். அதைச் சொல்லி முடித்து நெடுநேரம் பேசாதிருந்தார். வகுப்புக்கு வெளியிலோ, உடன் பணிபுரிந்த வெள்ளைக்கார இளைஞருக்கு வங்கியிலும் மருத்துவமனையிலும் மொழிபெயர்ப்பது இவருக்கு ஊதியமில்லாத கூடுதல் வேலை.

ஒருநாள் மூவருமாகச் சந்தைக்குப் போயிருந்தோம். இவருடைய கொரியப் பேச்சில் ஏதோ பிழை. ஆரஞ்சு விற்ற பாட்டி, "முகத்தைப் பார்த்தால் நம்ம வீட்டுப் பெண், பேச்சு மட்டும் ஏனடி இப்படி?" என்று அதட்டினாள். அடுத்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர் தட்டுத்தடுமாறி ஒரு வணக்கம் சொன்னார். அவர் பையில் இரண்டு ஆரஞ்சு அதிகமாக விழுந்தது.

சிரித்தபடிதான் வீடு திரும்பினோம். ஆனால் அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் துறைக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். 1860இல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறத் தொடங்கினார்களே, அவர்கள் வழிவந்தவர். தமிழ் கற்க எங்கே சேரலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "பெயரில் பிள்ளை இருக்கிறது, நாவில் தமிழ் இல்லையா?" என்றோம். வகுப்பே சிரித்தது. அதே வாரத்தில் சுவடிகள் பார்க்க வந்த ஜெர்மானியர் ஒருவர் 'வணக்கம்' என்ற ஒரு சொல்லைச் சொன்னதற்குப் பொன்னாடை போர்த்தினோம். மேடையில் அதைப் பாராட்டிப் பேசியதும் நாங்களே.

மறுநாள் மாலை, தேநீருக்கு வந்த எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னோம். மறைக்க விரும்பவில்லை. அவர் கோபிக்கவில்லை, கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பையன் மறுபடி வந்தாரா?"

வரவில்லை என்றோம்.